டிப் பற்றியே கேட்கிறீர்கள்

போன இதழில் "மிஸ்க்யூ ஆனால் கையைத் திட்டுவதற்கு முன்னால் டிப்பை ஒரு தடவை பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். டிப் என்றால் பூல் ஆடும் கோலான க்யூவின் முனையில் ஒட்டும் தோல் வில்லை, மிஸ்க்யூ என்றால் அது பந்தில் வழுக்கிப் போவது. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு இருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க டிப்தான். பேங்க் ஷாட், பிரிட்ஜ் போடும் விரல் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுடைய க்யூவுக்கு டிப் மாற்றிக்கொண்டிருப்பவன். என் சிபாரிசை அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: க்யூவோடு வந்த சாதா டிப்பில்தான் இதுவரை ஆடுகிறேன். என்னோடு ஆடும் நண்பர் ஜப்பான் லேயர் டிப் போட்டிருக்கிறார். அவர் டிரா (பந்தின் கீழ்ப்பக்கம் அடித்துப் பின்னால் இழுப்பது) அடித்தால் வெள்ளைப் பந்து கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி திரும்பி ஓடி வருகிறது. அதே டிப் போட்டால் எனக்கும் வருமா?
*மூன்று வருடமாக ஆடும் வாசகர்*

வராது. முதல் பதிலே இப்படியா என்று வருத்தப்படாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

பந்து எவ்வளவு சுழலும் என்பதைத் தீர்மானிப்பது, அதன் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள் என்பது. டிப்பின் வேலை ஒன்றே ஒன்று: அந்த இடத்தில் வழுக்காமல் இருப்பது. டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் மெத்தென்ற தோல் பந்தைப் 'பிடித்து'ச் சுழற்றுகிறது என்பதெல்லாம் டிப் விற்பவர்களின் கற்பனை. சாக் (வழுக்காமல் இருக்க டிப்பில் தேய்க்கும் தூள்) பூசிய சாதா டிப்பும் சாக் பூசிய உயர்ரக டிப்பும் ஒரே புள்ளியில் பட்டால் சுழற்சி ஏறத்தாழ ஒன்றுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒன்று செய்து பாருங்கள். வெள்ளைப் பந்துக்குப் பதிலாகக் கோடு போட்ட பந்து ஒன்றை வையுங்கள், கோடு தரைக்கு இணையாக இருக்கட்டும். டிப்பில் நன்றாகச் சாக் பூசிக்கொண்டு, கோட்டின் கீழ் ஓரத்தைக் குறிவைத்து ஒரு டிரா அடியுங்கள். அடித்ததும் பந்தை எடுத்துச் சாக் பட்ட புள்ளியைத் தேடுங்கள். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. நடுவிலிருந்து ஆரத்தில் பாதி, அதாவது சுமார் 14 மி.மீ. தள்ளிப் போகும்வரைதான் தோல் வழுக்காமல் நிற்கும். அதைத் தாண்டினால் எந்த டிப்பும் மிஸ்க்யூதான். கோட்டின் ஓரம் கிட்டத்தட்ட அந்த எல்லையில் வருகிறது. உங்கள் நண்பரின் புள்ளி ஓரத்தை ஒட்டி இருக்கும். உங்களுடையது கோட்டுக்கு நடுவே எங்கேயோ இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். கீழே அடிப்பதாக நினைத்துக்கொண்டு நடுவில் அடிப்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி.

அப்படியானால் நல்ல டிப்புக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? சீராக இருப்பதற்காக. இன்று எப்படி அடிக்கிறதோ இரண்டு மாதம் கழித்தும் அப்படியே அடிக்கும். தேய்ந்து அடுத்தது வாங்கினால் அதுவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஓரம் பிதுங்குவது குறைவு. கை ஒரே விதமான அடிக்குப் பழகினால் மனம் டிப்பை மறந்துவிடும், அது உண்மையான லாபம். இழுவை வேண்டுமென்றால் கோட்டுப் பந்தோடு ஒரு வாரம் உட்காருங்கள்.

கேள்வி: ஒற்றைத் தோல், லேயர் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். சாஃப்ட், மீடியம், ஹார்டு வேறு. எதைப் பார்த்து வாங்குவது?
*குழம்பிப்போன ஒருவர்*

ஒற்றைத் தோல் டிப் என்பது தடித்த ஒரே தோலிலிருந்து வட்டமாக வெட்டி அழுத்தி எடுத்தது. சிகாகோவின் ட்வீட்டன் கம்பெனி போடும் லெப்ரோ, டிரையாங்கிள், எல்க்மாஸ்டர் எல்லாம் இந்த ஜாதி. லேயர் டிப் என்றால் மெல்லிய தோல்களை, பெரும்பாலும் பன்றித்தோலை, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்தி, அதிலிருந்து வெட்டி எடுத்தது. ஜப்பானின் மூரி, கமுய், அமெரிக்காவின் டைகர் எல்லாம் இந்தப் பக்கம். மெல்லிய தோல் என்பதால் ஒவ்வொன்றையும் தரம் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிகிறது. தடித்த தோலில் அது முடியாது, ஒரே தோலில் முதுகுப் பகுதி இறுகியும் வயிற்றுப் பகுதி தளர்ந்தும் இருக்கும். ஒரே பெட்டியில் வரும் ஒற்றைத் தோல் டிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஒற்றைத் தோலை நான் கழித்துக் கட்டமாட்டேன். பெட்டியாக வாங்கிப் பொறுக்கத் தெரிந்தால் அதில் தங்கம் இருக்கிறது. என் முறையைச் சொல்கிறேன். மேசையில் ஒரு தடித்த கண்ணாடிப் பலகையைப் போட்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து ஒவ்வொரு டிப்பாகக் கீழே விடுவேன். இறுகிய தோல் 'டிக்' என்று எகிறும். தளர்ந்தது 'தொப்' என்று அங்கேயே படுக்கும். பாதிக்கு மேல் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம் போடும். மூன்று குவியலாகப் பிரித்து வைத்துவிடுவேன். வீட்டில் இருப்பவர்கள் முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். சத்தத்தில் தேறியதைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நார் பிரிந்து பஞ்சு மாதிரி தெரிந்தால் ஒதுக்குங்கள். லேயர் டிப்பில் ஒட்டுக் கோடுகள் மேலும் கீழும் அலையாமல் நேராக இருக்கிறதா, நகத்தால் அழுத்தினால் எங்காவது வாய் பிளக்கிறதா என்று பாருங்கள்.

கடினம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் ஹார்டாக இருக்கலாம். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஷோர் டி என்ற அளவில் காட்டும் சின்னக் கருவி வைத்துச் சிலர் அளக்கிறார்கள். கருவி இல்லாதவர்கள் ஒரே கம்பெனியோடு இருப்பது நல்லது, ஒப்பிடவாவது முடியும். சாஃப்ட் டிப் சாக்கை நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஆட ஆட நசுங்கி இறுகிக்கொண்டே போகும். நீங்கள் வாங்கியது சாஃப்ட், ஒரு மாதத்துக்குப் பிறகு ஆடுவது வேறு ஏதோ. ஹார்டு வடிவம் மாறாது, வேகமும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் மேற்பரப்பு சீக்கிரம் பளபளத்துச் சாக்கை உதறும். எதைப் போடுவது என்றே தெரியாதவருக்கு மீடியம். மூன்று மாதம் ஆடிவிட்டு, அடி மந்தமாக இருந்தால் ஹார்டு பக்கம் போங்கள், 'கணீர்' என்று காதைக் குத்தினால் சாஃப்ட் பக்கம் வாருங்கள்.

இன்னொருவர் எல்க்மாஸ்டரைப் பாலில் ஊறவைப்பது பற்றிக் கேட்டிருந்தார். நிஜம்தான், 'மில்க் டட்' என்று அதற்குப் பெயரே உண்டு. ஒரு நாள் ஊறவைத்து, காயவைத்து, வைஸில் வைத்து நசுக்கி ஒட்டுவார்கள். நானும் செய்து பார்த்தேன். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் நல்ல டிப்தான், பிதுங்கவே இல்லை. பாலில் ஊறியதால் வந்த குணமா, வைஸில் நசுங்கியதால் வந்த குணமா என்று கேட்டால், என் ஓட்டு வைஸுக்கு.

கேள்வி: க்யூவின் முனையில் தோல் ஒட்ட முதலில் யாருக்குத் தோன்றியது?
*பள்ளி ஆசிரியை*

பிரான்சுவா மாங்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரிக்கு என்று சொல்வது வழக்கம். சிறையில் இருந்தபோது பில்லியர்ட்ஸ் ஆடி ஆடிக் கண்டுபிடித்தார், விடுதலை வந்தபோது இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேனே என்று கேட்டார் என்று கதை நீளும். வருடம் பெரும்பாலும் 1807 என்று போடுவார்கள். அதே கதையில் சிறை பாஸ்டீல் என்றும் வரும். பாஸ்டீலை மக்கள் தாக்கிப் பிடித்ததே 1789-ல், அதன் பிறகு கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். ஆக, இரண்டில் ஒன்று கப்ஸா. தோலுக்கு முன்னால் முனை வெறும் மரம், ஓரத்தில் அடித்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

சாக்கின் கதை இன்னும் சுவாரசியம். நாம் இன்று கனசதுரக் கட்டியாகத் தேய்க்கிறோமே, அந்த வகைச் சாக்குக்கு 1897-ல் காப்புரிமை வாங்கியவர்கள் இரண்டு பேர்: வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர், வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளர். அதில் சிலிக்காவும் உராய்வுத் தூளும்தான் முக்கியம், சுண்ணாம்புக் கட்டி இல்லை. இதே ஹாஸ்கின்ஸுக்கு நிக்ரோம் கம்பி உருவானதிலும் பங்கு உண்டு. டோஸ்டருக்குள் சிவப்பாகக் காய்கிறதே, அந்தக் கம்பி. வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கேள்வி: லேத் இல்லாமல் வீட்டிலேயே கையால் டிப் மாற்ற முடியுமா? ஒவ்வொரு படியாகச் சொல்ல முடியுமா?
*கையால் செய்து பழக ஆசைப்படும் பொறியாளர்*

முடியும். நானே முதல் நான்கு வருடம் லேத்தைத் தொட்டதில்லை. ஆனால் படிகளுக்கு முன்னால் என் முதல் டிப்பின் கதையைக் கேளுங்கள்.

க்யூ ஒரு நண்பருடையது. பழைய டிப்பைப் பிய்த்தேன். உப்புத்தாளை உள்ளங்கையில் வைத்து ஃபெருலின் (க்யூ முனையில் டிப் உட்காரும் பூண்) முகத்தைப் பரபரவென்று தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. ஒட்டினேன், சீவினேன், பார்க்க அழகாக இருந்தது. இரண்டு ரேக் ஆடியதும் டிப்பும் ஃபெருலும் சேரும் இடத்தில் முடி மாதிரி ஒரு நீலக் கோடு தெரிந்தது. சாக் தூள் உள்ளே போயிருக்கிறது. மூன்றாவது ரேக்கில் எட்டாம் பந்துக்குக் குனிந்து அடித்தார், டிப் தனியாக, வெள்ளைப் பந்து தனியாக ஓடின. உள்ளங்கை மெத்து என்பதால் உப்புத்தாள் ஃபெருலின் ஓரத்தைச் சுற்றி வளைந்து, அதைப் பென்சிலின் பின்பக்கம் மாதிரி உருட்டிவிட்டிருந்தது. டிப் உட்கார்ந்திருந்தது நடுவில் ஒரு பொட்டு இடத்தில் மட்டும். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்பான் என்று பழமொழி, அன்றைக்குக் கூடம் நிஜமாகவே கோணல். கோணலாக்கியவன் நான்.

ஆகவே முழு வேலையிலும் முக்கால் பங்கு இந்தச் சமதளம்தான். எந்தக் கம்பெனி டிப் என்று பத்து நாள் யோசிப்பவர்கள் இதற்குப் பத்து நிமிடம் கொடுப்பதில்லை.

பழைய டிப்பைக் குறடால் திருகாதீர்கள், ஃபெருல் விரிசல் விடும். புதுப் பிளேடால் படுக்கைவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே வாருங்கள். அரை மி.மீ. தோல் மிச்சம் இருக்கும்போது பிளேடைக் கீழே வைத்துவிடுங்கள், அதற்கு மேல் உப்புத்தாளின் வேலை. ஒரு மரக்கட்டையில் மேலிருந்து கீழாக நேர்செங்குத்தாக ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள், ஷாஃப்ட் (க்யூவின் மெலிந்த முன்பாதி) ஆடாமல் நுழையும் அளவுக்கு. ஷாஃப்டில் இரண்டு சுற்று பேப்பர் டேப் ஒட்டினால் ஆட்டம் அடங்கிவிடும். கண்ணாடிப் பலகைமேல் 150-ம் நம்பர் தாளை விரித்து, கட்டைக்குக் கீழே ஃபெருல் மயிரிழை நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, கட்டையோடு சேர்த்து நகர்த்தித் தேயுங்கள். நாலு தேய்ப்புக்கு ஒருமுறை ஷாஃப்டைக் கால் சுற்றுத் திருப்புங்கள்.

சமமாகிவிட்டது என்று கண் சொல்வதை நம்பாதீர்கள். ஃபெருலின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்குங்கள். இரண்டே தேய்ப்பு. கிறுக்கல் முழுதும் ஒரே நேரத்தில் மறைந்தால் சமம். நடுவில் மிஞ்சினால் குழி, ஓரத்தில் மிஞ்சினால் நான் செய்த பாவம். பழைய பசை கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. ஆனால் ஃபெருலைத் தேவைக்கு மேல் தேய்க்காதீர்கள், அது திரும்ப வளராது.

டிப்பின் அடிப்பக்கத்துக்கும் இதே மரியாதை. அழுத்தி எடுத்த டிப்பின் அடி வழவழவென்று மூடியிருக்கும், பசை பிடிக்காது. கண்ணாடிமேல் தாளை வைத்து, டிப்பை விரல்நுனியால் அழுத்தி எட்டு வடிவத்தில் தேய்த்து, நார் லேசாகத் தெரியும்படி எடுங்கள். பிறகு பசை இல்லாமல் ஃபெருல்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலும் வெளிச்சம் கசியக் கூடாது.

உங்கள் ஃபெருலின் முகத்தில் நடுவே மரம் தெரிகிறதா? அப்படியென்றால் டிப்புக்கும் அதற்கும் இடையில் மெல்லிய ஃபைபர் பேடு ஒன்று போடுவது நல்லது. அடிக்க அடிக்க மரமும் ஃபெருலும் வெவ்வேறு அளவில் அமுங்கும், பேடு அதைப் பகிர்ந்துகொள்ளும். முகம் மூடிய ஃபெருலுக்குக் கட்டாயம் இல்லை.

பசை: ஜெல் வகை சூப்பர் க்ளூ. தண்ணீர் மாதிரி ஓடுகிற வகை வேண்டாம், தோலுக்குள் ஏறி அடிப்பாகத்தைக் கல்லாக்கிவிடும். அப்புறம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மீடியம் மீடியமாக இருக்காது. இரண்டு பரப்பையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள், அதன்பின் விரல் படக் கூடாது. ஃபெருலில் ஒரு சொட்டு ஜெல், ஊசியால் ஓரம்வரை மெல்லப் பரப்புங்கள். ஃபெருலைவிட அரை மி.மீ.யாவது பெரிய டிப்பாக இருக்கட்டும், 13 மி.மீ. ஃபெருலுக்கு 14 மி.மீ. டிப். நடுவில் வைத்து, க்யூவைத் தலைகீழாக நிறுத்தி, கடினமான பரப்பில் உடம்பின் கனத்தை லேசாகக் கொடுத்து ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். பிதுங்கிய பசையைத் துடைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். ஒரு நிமிடத்தில் ஒட்டிவிடும், உண்மைதான். ஆனாலும் நான் சீவுவது மறுநாள் காலையில்.

சீவும்போது ஃபெருலைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டிப் கீழே, மரப்பலகைமேல் செங்குத்தாக ஊன்றியபடி. பிளேடு ஃபெருல் பக்கத்திலிருந்து கீழ்நோக்கிப் போக வேண்டும். ஒரே வெட்டில் எடுக்க நினைத்தால் தோல் கிழியும், காகிதம் மாதிரி சீவல் விழுந்தால் சரியாகச் செய்கிறீர்கள். ஷாஃப்டைத் திருப்பித் திருப்பிச் சீவி, கடைசி மயிரிழையை 400, அப்புறம் 600-ம் நம்பர் தாளில் எடுங்கள். பிறகு பக்கவாட்டுத் தோலை மட்டும் ஈர விரலால் தடவி (எச்சில் போதும், யாரும் பார்க்காதபோது) ஒரு துண்டுத் தோலால் சூடேறும்வரை தேய்த்தால், சுவர் இறுகிக் கண்ணாடி மாதிரி மின்னும். இந்த மெருகு அழகுக்கு இல்லை, ஓரம் பிதுங்காமல் தடுக்கும் வேலி. மேல்பக்கம் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் தலையை வளைவாக்குவது. அதைப் பற்றி வேறொருவர் தனியாகவே கேட்டிருக்கிறார்.

கேள்வி: நிக்கல் வளைவு, டைம் வளைவு என்கிறார்களே, என்ன அது? என் டிப் இப்போது தட்டையாகி ஓரமெல்லாம் பிதுங்கி நிற்கிறது. மாற்ற வேண்டுமா, திருத்தினால் போதுமா?
*வாரக்கடைசி ஆட்டக்காரர்*

இரண்டும் அமெரிக்க நாணயங்கள். நிக்கல் 21.21 மி.மீ. விட்டம், டைம் 17.91. டிப்பின் தலைக்குப் பின்னால் அந்த நாணயத்தின் விளிம்பைப் பிடித்தால் வளைவு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்த நாணயங்கள்தான் வேண்டும் என்றில்லை, 21, 18 மி.மீ. விட்டமுள்ள எந்த வட்டமும் சரி. பூலுக்கு 13 மி.மீ. டிப் என்றால் நிக்கல் போதும். மெலிந்த ஷாஃப்டுக்கும் ஓரத்தில் அதிகம் அடிப்பவர்களுக்கும் டைம். இரண்டுக்கும் நடுவில் நின்றாலும் பந்து கோபித்துக்கொள்ளாது. தட்டை டிப் மட்டும் வேண்டாம். ஓரத்தில் அடிக்கும்போது தட்டை டிப்பின் விளிம்புதான் பந்தைத் தொடும், அந்த விளிம்பில்தான் சாக் இருக்காது.

பிதுங்கலுக்கு மஷ்ரூம் என்று பெயர். முதலில் பக்கத்தைச் சீவி ஃபெருலோடு சமமாக்கி மெருகேற்றுங்கள், அப்புறம் தலையை வளையுங்கள். வரிசை மாறினால் இரண்டு வேலையும் கெடும். திருத்திய பிறகு பக்கச் சுவரின் உயரத்தைப் பாருங்கள். ஒரு மெல்லிய நாணயத்தின் தடிமன் இருந்தால் ஆடலாம். அதற்கும் கீழே போனால் மாற்றிவிடுங்கள், ஓரத்தில் அடிக்கும்போது ஃபெருல் நேராகப் பந்தில் இடிக்க ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, தினமும் டிப்பைச் சுரண்டாதீர்கள். சிலர் சாக் பூசுவதைவிட அதிகமாகச் சுரண்டுகிறார்கள். தலை பளபளத்துச் சாக் ஒட்டாமல் வழுக்கும்போது மட்டும் லேசாகக் குத்தியோ தேய்த்தோ நாரை எழுப்பினால் போதும். டிப் ஆடித் தேய்வதைவிடச் சுரண்டித் தேய்வதே அதிகம்.

கேள்வி: தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றினேன், பத்தாம் நாள் டிப் கழன்று விழுந்துவிட்டது. பசை மட்டமா, டிப் மட்டமா?
*பெயர் வேண்டாம் என்றவர்*

விழுந்த டிப்பைத் தூக்கிப் போடவில்லையே? அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள், சாட்சி அங்கேதான். பசை முழுதும் டிப்போடு வந்திருந்து ஃபெருல் மொட்டையாக இருந்தால், ஃபெருலைச் சுத்தம் செய்யாமல் ஒட்டியிருக்கிறார். பசை ஃபெருலில் நின்று டிப்பின் அடி வழவழவென்று இருந்தால், டிப்பைத் தேய்க்காமல் ஒட்டியிருக்கிறார். ஃபெருலில் தோல் நார் ஒட்டிக்கொண்டிருந்தால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது, தோல்தான் கிழிந்திருக்கிறது, அது டிப்பின் குறை. நடுவில் மட்டும் பசை ஒட்டி, சுற்றிலும் நீலத் தூள் படிந்திருந்தால், என் முதல் டிப்பின் கதையை மேலே படியுங்கள். அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், டிப்பை மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்னூக்கரிலிருந்து பூலுக்கு வந்திருக்கிறேன். ஸ்னூக்கர் டிப்பையே பூல் க்யூவில் ஒட்டலாமா?

அளவு ஒத்துவராது. ஸ்னூக்கர் டிப் பெரும்பாலும் 9 முதல் 10 மி.மீ., பூல் ஃபெருல் 12, 13. சுற்றிலும் படிக்கட்டு மாதிரி ஃபெருல் துருத்திக்கொண்டு நிற்கும். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. சின்னப் பந்து, பூல் பந்து கனமும் கூட. உங்கள் பழைய ஸ்னூக்கர் க்யூவை அப்படியே எடுத்துக்கொண்டு பூல் ஆடினாலும் ஆடலாம், டிப்தான் சீக்கிரம் நசுங்கும். நிறைய பேர் அப்படி ஆடுகிறார்கள், நான் தடுக்கமாட்டேன்.

கேள்வி: கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் வாங்கியிருக்கிறேன். அதற்கும் இதே முறைதானா? பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) க்யூவுக்கு எந்த டிப்?
*இரண்டு க்யூ வைத்திருப்பவர்*

முறை இதேதான், ஜாக்கிரதை இரண்டு மடங்கு. மரத்தில் பிளேடு கீறினால் மறைக்கலாம், கார்பனில் விழுந்த கீறல் விழுந்ததுதான். டேப்பை மூன்று சுற்றுச் சுற்றுங்கள். சில கார்பன் ஷாஃப்டுகளில் ஃபெருல் மிகவும் குட்டை, சிலவற்றில் கிடையவே கிடையாது. அதனால் முகத்தைத் தேய்க்கும்போது பழைய பசை போனவுடன் நிறுத்த வேண்டும். கறுப்புத் தூள் வந்தால் ஷாஃப்டையே தேய்க்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தத் தூளை மூச்சில் இழுப்பது நல்லதில்லை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பசையைக் கரைக்கிறேன் என்று அசிட்டோனில் ஊறவைக்காதீர்கள். பயமாக இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், இதில் கௌரவம் பார்க்க ஒன்றும் இல்லை.

பிரேக்குக்கு ஃபீனாலிக் டிப் போடுகிறார்கள். அது தோலே இல்லை, இறுகிய பிசின். அடியின் வேகத்தைத் தானே விழுங்காமல் பந்துக்குக் கொடுக்கும், ஆனால் சாக் அதில் நிற்காது. நடுவில் அடிக்கத் தெரிந்தவருக்குச் சரி. கொஞ்சம் தள்ளி அடிப்பவர்கள் பிரேக்குக்கென்றே வரும் ஹார்டு தோல் டிப்போடு இருப்பது மேல், வேகத்தில் கொஞ்சம் போனாலும் வெள்ளைப் பந்து மேசையில் நிற்கும். எதைப் போட்டாலும் அகலம் 14 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, உலகப் பூல் சங்கத்தின் உபகரண விதி அது.

கேள்வி: என் மகள் ஆட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. பிறந்தநாளுக்கு விலை உயர்ந்த டிப் ஒன்று போட்டுத் தரலாம் என்று இருக்கிறேன். எது நல்லது, சார்?
*ஒரு அம்மா*

விலை உயர்ந்தது வேண்டாம் அம்மா. ஆறு மாதத்தில் மிஸ்க்யூ நிறைய வரும், ஒவ்வொரு மிஸ்க்யூவும் டிப்பின் ஓரத்தைக் கொஞ்சம் நசுக்கும். மீடியம் ஒற்றைத் தோல் டிப் இரண்டு வாங்குங்கள். ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள். இன்னொன்றை அவள் கையில் கொடுத்து, தேய்ந்த பிறகு அவளே மாற்றட்டும். கூடவே உப்புத்தாளும் ஜெல் க்ளூவும். பிளேடு வேலையின்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள். முதல் டிப் நிச்சயம் விழும். விழுந்ததும் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன்.

கேள்வி: எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறீர்கள். உங்கள் சொந்த க்யூவில் என்ன டிப்?
*சும்மா கேட்பவர்*

மாட்டிக்கொண்டேன். கண்ணாடிப் பலகையில் நடுக் குவியலில் விழுந்த ஒரு சாதாரண லெப்ரோ. போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இந்தப் பதிலை எழுதுவதற்காக இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்: பக்கச் சுவர் நாணயத் தடிமனுக்கும் குறைவு, ஃபெருல் ஓரத்தில் சின்னதாக ஒரு வடு. இன்று ராத்திரி பிளேடை எடுக்க வேண்டும்.